வாசலோடு நின்றவர்

இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "வேண்டாம், வாசிச்சிட்டுக் கோவிப்பார்" என்றாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவர் எதையும் முதல் பந்திக்கு மேல் வாசிக்க மாட்டார். ஆகவே அவருக்காக இந்த முதல் பந்தியிலேயே நல்லதாக ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: இஞ்சி போட்ட தேத்தண்ணீர் ஊற்ற அவரைப்போல மொன்றியலில் ஆள் கிடையாது. அண்ணை, உங்களுக்கு இவ்வளவும்தான். மிச்சம் மற்றவர்களுக்கு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், நகரத்தின் கிழக்குக் கரையில், ஒரு பண்டகசாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். கொள்கலன்களில் வந்து இறங்கும் பெட்டிகளை நான் பிரித்து அடுக்குவேன். அவர் பாரம் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டுவார். என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் அவரைப் 'பட்டியல் அண்ணை' என்பார்கள். ஒவ்வொரு மார்கழியும் அவர் ஒரு பட்டியல் வெளியிடுவார். அந்த வருடம் வந்த இசைத்தட்டுகளில் தனக்குப் பிடித்த பத்து. ஜாஸ் இருக்கும், ராப் இருக்கும், இரும்பை இரும்பால் அடிக்கிற ஹெவி மெட்டல் இருக்கும், யாரோ ஒரு பாலைவனத்து மனிதர் ஒட்டகத்துக்கு வாசித்த கிட்டார் இருக்கும். தமிழ் மட்டும் இருக்காது. பட்டியலின் அடியில் கடைசி வரியாக, 'தமிழில் இவ்வருடமும் ஒன்றுமில்லை' என்று இருக்கும். வருடம் மாறும், அந்த வரி மாறாது.

வெளியிடுவது என்றால் இணையத்தில் இல்லை. "சந்தைக்கை நிண்டு சங்கீதம் கதைக்கேலாது" என்பார். தாளில் அச்சடித்து, அவருடைய மனைவி வேலை செய்கிற கார்டெரியில், அதுதான் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், லமினேட் செய்வித்துக் கையில் தருவார். வாத்துப் படமும் வாழைப்பழப் படமும் போகிற இயந்திரத்துக்குள் உலக இசையும் போய் வழவழவென்று வெளியே வரும். ஒருமுறை எட்டாம் இடத்தில் இருந்த பாடகரின் நாட்டைப் பிழையாக எழுதியிருந்தார். காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"லமினேட் பண்ணியாச்சுத் தம்பி. இனி அது பிழையில்லை."

எனக்கு மனிதர்கள் சொல்கிற சொல் மேல் ஒரு கிறுக்கு. படித்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். யாராவது ஒரு வசனத்தை நறுக்கென்று சொன்னால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்கு ஒப்பிப்பேன். அப்படிப் பார்த்தால் பட்டியல் அண்ணை எனக்குப் பொன் சுரங்கம். ஆனால் சுரங்கத்துக்குள் இருக்கிற காற்றைச் சுவாசிக்க முடியாது.

அவர் பாட்டுக் கேட்கிற முறையைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சீடித் தட்டு வாசிக்கும் ஒரு சின்னக் கருவியை மேசையில் வைப்பார். தொலைபேசியில் கேட்க மாட்டார். "பாட்டெண்டால் அதுக்கொரு உடம்பு வேணும்" என்பார். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, வலது கைச் சுட்டுவிரலை உயர்த்துவார். அந்த விரல் நிற்கும்வரை பக்கத்து மேசைக்காரரும் கரண்டி சத்தம் போடக் கூடாது. முதல் பாட்டு முடியும். விரல் இறங்கும். தட்டை வெளியே எடுத்து உறையில் போட்டுவிடுவார். முடிந்தது. இரண்டாவது பாட்டு என்ற ஒன்று அவர் வாழ்க்கையில் கிடையாது.

"மிச்சத்தைக் கேக்கேல்லையோ அண்ணை?"

"முதல் பாட்டுத்தான் வாசல். வாசலைப் பார்த்தால் காணும். உள்ளுக்கை போய்க் குசினியையும் பாக்கோணுமோ?"

"சில வீட்டுக்கு முன்வாசல் அவ்வளவு வடிவில்லை. உள்ளுக்கை நல்லா வைச்சிருப்பினம்."

"அப்பிடியான வீட்டுக்கு நான் போறேல்லை."

நகரத்தின் மேற்கே, கர்க்லாண்டில், அவர் வீட்டு நிலவறைப் பேஸ்மென்றில் தட்டுகள் சுவர் சுவராக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுக் கேட்டது, மிச்சமெல்லாம் புத்தம்புதுசு. உலகத்தில் உள்ள எல்லா வீட்டுப் படியிலும் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றுவிட்டு, எல்லா வீட்டையும் தெரிந்தவர் என்று பெயர் எடுத்துக்கொண்ட மனிதர்.

நான் என்ன கேட்பேன் என்று ஒருநாள் விசாரித்தார். கார் ஓட்டும்போது பழைய சினிமாப் பாட்டு என்றேன். மூடி வீங்கிய, மீன் அடைத்த தகர ரின்னைப் பார்க்கிறதுபோல என்னைப் பார்த்தார்.

"நீர் நல்ல பெடியன். காதைத்தான் வாடகைக்கு விட்டிட்டீர்."

சாவீட்டிலும் அவர் இப்படித்தான். எங்களோடு வேலை செய்த ஒருவரின் தகப்பனார் இறந்துபோனார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று தேவாரம் பாடினார். சனம் அழுகிறது. பட்டியல் அண்ணை என் காதுக்குள் குனிந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இந்த வருசம் நான் கேட்ட தேவாரங்களிலை இது நாலாவது."

"எத்தினை கேட்டனீங்கள்?"

"நாலு."

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒருநாள் அவவுக்கு முன்னால் இந்த வாசல் கதை வந்தது. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிமிராமல் சொன்னா:

"எனக்கும் உதுதான் தம்பி. பொம்பிளை பார்க்க வந்தண்டு எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. மெல்லமாக் கதைச்சனான். அதோடை கேட்டு முடிச்சிட்டார். இண்டைக்கும் ஆக்களுக்குச் சொல்லுவார், 'என்ரை மனிசி மெல்லமாத்தான் கதைப்பா' எண்டு."

இதை அக்கா சொன்ன குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும். பக்கத்திலிருந்த பட்டியல் அண்ணை, ஆமோதித்துத் தலையாட்டினார்.

இவ்வளவு தெரிந்தும் அவரிடம் என் மனைவியின் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றால், தவறு என்னுடையது. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் மனைவி மன்னார்ப் பக்கம். எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிறவள். அந்த வருடம் குழு நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, ஒரு இசைத்தட்டுச் செய்தது. அதில் ஐந்தாவது பாட்டை அவள் தனியாகப் பாடியிருந்தாள். அதே வருடம் கழுத்தில் தைரொயிட் கட்டி பெருத்துவிட்டது. தையில் அறுக்க வேண்டும். குரலுக்குப் போகிற நரம்பு கட்டிக்குப் பின்னாலேயே ஓடுகிறதாம். அறுவை வைத்தியர் கையை விரித்துச் சொன்னார்: குரல் திரும்பி வரும், ஆனால் இதே குரல்தான் வரும் என்று எழுதித் தர மாட்டேன் என்று.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் உண்மையா நல்லாப் பாடுறனானோ?"

"நல்லாத்தானே பாடுறாய்."

"நீங்கள் கறிக்கும் அப்பிடித்தான் சொல்லுறீங்கள்."

பங்கில் கேட்டால் எல்லாரும் 'ஆண்டவருக்குத் தோத்திரம்' என்பார்கள். குழு மாஸ்டர் தன் கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டார். அறுக்கிறதுக்கு முதல், பாடியது தான் என்று தெரியாத, பாட்டுத் தெரிந்த ஒரு வாய் தன் குரல் எப்படியிருந்தது என்று சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. நல்லது என்றாலும் சரி, கூடாது என்றாலும் சரி. பட்டியல் அண்ணையின் பெயரை அவளே சொன்னாள். நான் இத்தனை வருடம் ஒப்பித்த வசனங்களால் வந்த வினை. "அந்த மனிசன் முகத்துக்குப் பாத்துக் கதைக்காது. அவரிட்டைக் குடுங்கோ. ஆனா நான் பாடினதெண்டு மூச்சு விடக் கூடாது."

சொல்லாமல் கொடுப்பது சுலபம். தட்டின் உறையில் பாடினவர்கள் பெயர் ஒன்றும் இல்லை. ஆண்டவருக்குப் பாடினதுக்குப் பெயர் எதற்கு என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். அனுசரணை தந்த கடைக்காரர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. எங்கள் ஆட்கள் தட்டு வெளியிட்டால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பாட்டு வராது. முதலில் வாழ்த்துரை வரும், பிறகு நன்றியுரை வரும், மளிகைக் கடை, காப்புறுதி, கார் பழக்குகிறவர், மணவறை சோடிப்பவர், இடியப்பத்துக்கு ஓடர் எடுப்பவர் என்று ஒவ்வொருவராக வந்து போனபிறகுதான் ஆண்டவருக்கே இடம் கிடைக்கும். நாலு நிமிடம். அதுதான் அந்தத் தட்டின் முதல் பதிவு.

சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொடுத்தபோது இது என் மூளையில் ஏறவில்லை. அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழோ?" என்று இரண்டு விரலால் பிடித்தார். "சரி, வாசலைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

இரண்டு கிழமை ஒரு சொல் இல்லை. நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன் மனைவி கேட்பாள்: "ஏதும் சொன்னவரோ?" பிறகு கேட்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். மூன்றாம் கிழமை அவர் போர்க்லிப்டை எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஞாயிற்றுக்கிழமை மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும். இந்த முறை உமக்கொரு புதினம் இருக்கு" என்றார்.

பட்டியல் நாள் என்பது மார்கழி முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. பேஸ்மென்றில் மடிப்புக் கதிரைகள் போட்டிருக்கும். வாசலில் ஒரு அரிசி வாளி. தொலைபேசிகளை அதற்குள் போட வேண்டும். கதைக்கக் கூடாது. இருமக் கூடாது, இருமினால் அவர் விரலைக் கொஞ்சம் மடித்து உங்களைப் பார்ப்பார், அந்தப் பார்வையோடு இருமல் சுகமாகிவிடும். பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடம்வரை, ஒரு தட்டுக்கு ஒரு பாட்டு. ஐந்தாம் இடம் முடிந்தபின்தான் தேத்தண்ணீர். இதற்கும் பதினைந்து பேர் வருவார்கள். வராவிட்டால் வேலையிடத்தில் ஒரு மாதம் கதை கேட்க வேண்டும்.

பத்தாம் இடத்தில் வடக்கு கியூபெக் கிழவர் ஒருவரின் வயலின். காலால் தரையைத் தட்டித் தட்டி வாசிக்கிறார். "காலைக் கேளுங்கோ. வயலின் சும்மா துணைக்கு வருது" என்றார் பட்டியல் அண்ணை. ஒன்பது, சகாராக் கிட்டார். "மண் பறக்குது, தெரியுதோ?" எனக்கு ஹீற்றர் இரைகிற சத்தம் தெரிந்தது. எட்டு, நோர்வேயிலிருந்து கத்துகிற நாலு பேர். "கோவம். ஆனா ஒழுங்கான கோவம்." ஏழாம் இடத்தில் மொன்றியல் வடக்கு ஹெயிட்டிப் பிள்ளை ஒன்று மூச்சு விடாமல் ராப்பில் ஏசியது, உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்தது, இன்னும் கொஞ்சம் ஏசாதா என்று இருந்தது, விரல் இறங்கிவிட்டது. ஆறாம் இடம், கணினியில் செய்த ஒரு ரீங்காரம். எங்கள் வீட்டு பிரிட்ஜ் அதே சங்கதியை வருடக்கணக்காகப் பாடுகிறது, யாரும் அதைப் பட்டியலில் போடவில்லை. ஐந்தாவதாக ஒரு சக்சபோன்காரர். "அவன் ஊதுறதை விடுங்கோ. ஊதாத இடத்தைக் கவனியுங்கோ." கவனித்தோம். தேத்தண்ணீர் வந்தது. நாலாம் இடத்தில் போலந்துத் தேவாலயம் ஒன்றின் ஓர்கன், ஒரே சுரத்தில் முழங்காலில் நின்றது.

பிறகு அவர் எழும்பினார். மற்றத் தட்டுகளுக்கு எழும்பவில்லை.

"மூண்டாம் இடம்," என்று சொல்லி நிறுத்தினார். "வாழ்க்கையிலை முதல் தரமா, தமிழ்."

கதிரைகள் அசைந்தன. அவர் கையில் எங்கள் பங்கின் தட்டு. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கலியாணத்தன்று அதில் அந்த மலர்ச்சியைப் பார்த்தேன், பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கை என் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

தட்டுச் சுழன்றது. வாழ்த்துரை தொடங்கியது. பங்குச் சபைத் தலைவரின் குரல், மேடும் இல்லை பள்ளமும் இல்லை, ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியது. இடையில் யாரோ ஒருவர் இருமுகிற சத்தமும் அப்படியே இருந்தது. வெட்டி எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இது முடிந்து பாட்டு வரும் என்று எல்லாரும் இருந்தோம். நன்றியுரை முடிந்தது. விரல் இறங்கியது. தட்டை வெளியே எடுத்தார்.

"என்ன துணிவு!" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பாட்டும் இல்லை. ஒரு வாத்தியம் இல்லை. எங்கடை சனத்தின்ரை பேர், கடையின்ரை பேர், அவ்வளவுதான். ஒரே சுருதி. இந்த ஊர்ப் பனிக்கை நிண்டு ஒரு மனிசன் தன்ரை ஆக்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுப் பாக்கிறான். நடுவிலை அந்த இருமல்! அது தற்செயலோ? இல்லை. அளந்து வைச்ச இருமல். முழுத்தட்டும் இப்பிடிப் போக விட்டிருக்கினம் எண்டால், உவை சாதாரண ஆக்கள் இல்லை."

பகிடி விடுகிறார் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் விரலை மடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அண்ணை, முழுக்கக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"வாசல் இப்பிடியெண்டால் வீடு எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ தம்பி?"

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டாவதை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன் அண்ணை."

"ஒரு தட்டுக்கு ஒண்டுதான் தங்கச்சி. உங்களுக்காகச் சட்டத்தை மாத்தினால் பேந்து எல்லாரும் கேப்பினம்."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் தொடையைக் கிள்ளினாள், இரண்டு நாளுக்கு நீலமாக நின்றது. இரண்டாம் இடமும் ஒன்றாம் இடமும் என்ன என்று எனக்குத் தெரியாது. வீட்டில் தாள் இருக்கிறது, பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பனி கொட்டியது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. நான் ஸ்டியரிங்குக்கு ஏசிக்கொண்டு வந்தேன்: காது இருக்கிற இடத்தில் பித்தளைப் பூட்டு வைத்திருக்கிற மனிதன், உலகத்துக்கே மார்க் போடுகிற மடையன், நாளைக்கு அவருடைய வாளிக்குள்ளேயே அவரைப் போடுகிறேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த இருமல் என்ரை."

"என்ன?"

"பதியேக்கை நான் பின்னாலை நிண்டனான். கட்டி இறுக்கினது. அடக்கிப் பாத்தன், ஏலாமல் போச்சு."

ஒன்பது பாட்டில், ஒரு வருடப் பயிற்சியில், அவர் அவளிடமிருந்து கேட்டது அந்த ஒரு இருமல்.

லமினேட் செய்த பட்டியலை நான் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுச் சோற்றுப் பானையை அதன்மேல் வைத்தேன். நல்ல தடித்த பிளாஸ்டிக், சூடு தாங்கியது. அதற்கு முதல் அவருடைய பட்டியல் எதுவும் இவ்வளவு உபயோகப்படவில்லை.

தையில் அறுத்தார்கள். கட்டி தீங்கில்லாதது. குரல் வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ அவளுக்காகக் கதைப்பதுபோல் வந்தது. பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தாள். ஞாயிறு தோறும் பாடகர் குழுவோடு போய் நின்று மற்றவர்களுக்குத் தாள் புரட்டினாள்.

மாசி முடிவில் ஒரு ஞாயிறு, கோயிலால் வந்து சாப்பிட உட்காரும்போது தொலைபேசி அடித்தது. பட்டியல் அண்ணை. நான் ஒலியைப் பெரிதாக்கி மேசையில் வைத்தேன்.

"தம்பி, அதுக்குள்ளை பாட்டு இருக்கு!"

களவு பிடித்தவரின் குரல்.

"எதுக்குள்ளை அண்ணை?"

"அந்தத் தட்டுக்கை! ஆக்களுக்குப் போட்டுக் காட்ட எண்டு காரிலை வைச்சிருந்தனான். இண்டைக்குக் காரிலை தட்டு இறுகிப் போச்சு. வெளியிலை எடுக்கேலாது, நிப்பாட்டேலாது. லொங்குய்ய் போற பாலத்திலை வாகனம் நகரேல்லை. அதுபாட்டுக்குப் பாடுது, பாடுது, ஒன்பது பாட்டுப் பாடுது! நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள்தான் உள்ளுக்கை போறேல்லையே."

அதை அவர் கேட்கவில்லை. "ஐஞ்சாவது பாடின பிள்ளை ஆர்? உங்கடை கோயில் பிள்ளைதானே? அவவோடை நான் கதைக்கோணும்."

மனைவி தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். "சொல்லுங்கோ அண்ணை," என்றாள் அந்தக் கிணற்றுக் குரலில்.

"ஆர், தங்கச்சியோ? என்ன பொல்லாத தடிமனாக் கிடக்கு. கதையாதேங்கோ, கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ. நான் கேட்டது அந்தப் பாடின பிள்ளையை."

நான் எழும்பிவிட்டேன். சொல்லிவிடப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டி என்னை உட்காரச் சொன்னாள். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றினாள்.

"அவ இப்ப இஞ்சை இல்லை. சொல்லுறதைச் சொல்லுங்கோ அண்ணை, நான் அவவுக்குச் சொல்லிவிடுறன்."

"அப்ப வடிவாக் கேளுங்கோ. ரெண்டாவது சரணத்திலை மூச்சுக் காணாமல் போட்டுது. ஓட்டத்திலை மறைக்கப் பாக்கிறா, எனக்குத் தெரியும். மேலை போற இடத்திலை சுருதி ஒரு நூல் இறக்கம். 'இரக்கம்' எண்ட சொல்லைக் கெதியா விழுங்கிறா, அதை வைச்சுப் பாடியிருக்கோணும்." பின்னால் வாகனங்கள் ஹோன் அடிப்பது கேட்டது. "ஆனா தங்கச்சி, நான் இறங்கிற இடத்தை விட்டிட்டன். பாலம் முடிஞ்சு, அங்காலை எங்கையோ வந்து ஒரு கடை வாசலிலை நிக்கிறன். எனக்கு அப்பிடி நடந்ததில்லை. அதை அவவுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் அண்ணை."

"போன வருசப் பட்டியலிலை இனி ஒண்டும் செய்யேலாது, லமினேட் பண்ணியாச்சு. அடுத்த தட்டிலை அவவைப் பாடச் சொல்லுங்கோ. அதே குரலிலை."

வைத்துவிட்டார். 'அதே குரலிலை' என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்காக இன்றைக்கும் நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் என் மனைவி மேசையில் இரண்டு கையாலும் தட்டினாள்.

"மூச்சுக் காணாதெண்டு நான் அப்பவே மாஸ்டருக்குச் சொன்னனான்! 'இரக்கத்தை' அவர்தான் கெதியாப் பாடச் சொன்னவர்! கேட்டீங்களோ? அந்தாளுக்கு எல்லாம் விளங்கியிருக்கு!"

அறுத்த பிறகு அவள் உரத்துக் கதைத்தது அன்றைக்குத்தான். சோறு ஆறிப்போனது.

கோடையில் குரல் ஒரு இடத்தில் வந்து நின்றது. பழைய குரல் அல்ல. ஒன்றரைக் கட்டை இறங்கி, ஓரம் கொஞ்சம் கரகரத்து, வேறொரு பெண் வந்து எங்கள் வீட்டில் குடியிருப்பதுபோல் இருந்தது. முதல் மாதம் நானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். குழு அடுத்த தட்டுக்கு ஆயத்தமானபோது அவள் போய் மாஸ்டருக்கு முன்னால் நின்றாள். பாடுகிறேன் என்றாள், ஒரு நிபந்தனை என்றாள். வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் கடைசிக்கு. முதலில் பாட்டு. அதுவும் தன் பாட்டு.

பங்குச் சபையில் பெரிய அமளி. "கடைசியிலை வந்தால் ஆர் பிள்ளை கேக்கிறது?" என்று தலைவர் கேட்டார்.

"போன வருசம் நாங்கள் அப்பிடித்தான் இருந்தனாங்கள்," என்றாள்.

அந்த மார்கழி பட்டியல் நாளுக்கு நாங்கள் போகவில்லை. திங்கட்கிழமை அவர் போர்க்லிப்டில் இருந்தபடியே தாளை நீட்டினார். கார்டெரி இயந்திரத்தின் சூடு இன்னும் அதில் இருப்பதுபோல் வழவழத்தது. ஒன்பதாம் இடத்தில் எங்கள் பங்கின் புதுத் தட்டு, தானே தேடி வாங்கியிருக்கிறார். கீழே சின்ன எழுத்தில்:

'முதல் பாட்டுப் பாடியவர் அனுபவசாலி. மூச்சை எங்கே எடுப்பதென்று தெரிந்தவர். கரகரப்பை மறைக்காதது நல்லது. ஆனால் போன தட்டில் ஐந்தாவது பாடிய பிள்ளையை ஏன் விட்டார்கள்? அவருக்கு இவர் ஈடில்லை. கடைக்காரரின் பெயர்களையும் நீக்கியிருப்பது கோழைத்தனம்.'

பின்னேரம் வேண்டுமென்றே பாதை சுற்றி வந்தேன். அதைக் காட்டுவதா, ஏதாவது குப்பைத் தொட்டியில் போடுவதா என்று தெரியவில்லை. காட்டாமல் இருக்கவும் முடியாது. அவள் கதவடியிலேயே நின்றாள்.

இரண்டு தரம் வாசித்தாள். உதடு அசைந்தது.

"உந்த மனிசனுக்கு விசர்," என்றேன். "ரெண்டும் ஒரே ஆளெண்டு பிடிக்கத் தெரியாத காதுக்கு ஒரு பட்டியல். தா, பானைக்கு அடியிலை வைப்பம். பழசு நெளிஞ்சு போச்சு."

கையை நீட்டினேன். என் கையில் ஒரு அடி விழுந்தது.

பிரிட்ஜ் கதவில் இருந்த பல் வைத்தியரின் தாளை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் பட்டியலைக் காந்தத்தால் ஒட்டினாள். ஒரு அடி பின்னால் வந்து, சரிவாக இருக்கிறதென்று திருத்தினாள்.

"இருமினதுக்கு மூண்டாம் இடம் தந்தவர்," என்றாள், புதுக் குரலில். "இது பாடினதுக்கு."